வினா யாருடையது?

பள்ளியில் மதம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் நம்மிடையே பல காலமாக நடந்துவருகிறது. எந்த வடிவத்தில் என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. ஆனால் குழந்தையின் மனத்தில் மதம் என்னவாகத் தங்குகிறது என்பதை, சொல்லப்பட்ட தத்துவத்தைவிடச் சொன்ன வடிவமே அதிகம் தீர்மானித்திருக்கிறது. தமிழில் இதற்குச் சரித்திரம் இருக்கிறது. அது நம் அச்சின் சரித்திரமும்கூட.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இரண்டும் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் செய்தவை. இரண்டாவது நூலின் மூலம் மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்த்துகீசிய மொழியில் எழுதியது. சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே குருவும் சீடனும் பேசுவதுபோல் அமைத்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன், 1529இல், ஜெர்மனியில் லூதர் தம் சிறிய ஞானோபதேச நூலை வெளியிட்டிருந்தார். விரோதிகளான இரண்டு சபைகளும் வடிவ விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தன. வினா, அதற்கு ஒரே விடை, விடை மனப்பாடம். தமிழில் அச்சு இயந்திரமும் வினாவிடையும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவை என்றே சொல்லலாம்.

இந்த வடிவம் மதம் மாறிய கதைதான் நமக்கு முக்கியம். அது யாழ்ப்பாணத்தில் நடந்தது.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவினார். 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய பிரசங்கங்கள் தொடங்கின. வாரந்தோறும் பிரசங்கம் என்ற ஏற்பாடு மெதடிஸ்டுகளிடம் கற்றது. 1848இல் அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். பாலபாடங்கள் வந்தன. சைவ வினாவிடை வந்தது. உலகுக்கு முதல்வன் யார் என்ற விஷயத்தில் தொடங்கி, புண்ணிய பாவம், விபூதி, மந்திரம், நித்திய கருமம், ஆலய தரிசனம் என்று நடந்துபோகும் அந்தச் சிறிய புத்தகத்தில் பொருள் முழுக்கச் சைவம். எலும்புக்கூடு லூதருடையது.

இதைச் சொல்வது நாவலரைச் சிறுமைப்படுத்த அல்ல. அவர் நின்ற இடத்தில் நின்று பார்க்கவேண்டும். அமெரிக்க மிஷன் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளி. இங்கிலீஷும் உத்தியோகமும் அந்தப் பள்ளிகளின் வழியாகவே கிடைத்தன. அங்கே போன பிள்ளை, தன் தகப்பன் கும்பிடுவது கல் என்று கேட்டுவிட்டு வீடு திரும்பியது. அந்தப் பிள்ளையின் கையில் உடனடியாக ஒரு பதில் தேவைப்பட்டது, நாவலர் கொடுத்தார். பெரியவர்களுக்காக 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். முற்றுகையிடப்பட்டவன் எதிரியின் ஆயுதத்தை எடுத்துக்கொள்வதில் தவறு என்ன? கொழும்பில் ஆல்காட் 1881இல் பௌத்தத்துக்கு இதே வடிவில் ஒரு வினாவிடை நூல் எழுதியதற்கும் இதுவே காரணம்.

ஆனால் எடுத்த ஆயுதம் கையைவிட்டுப் போவதில்லை. முற்றுகை முடிந்த பின்னும் வடிவம் வகுப்பறையிலேயே தங்கிவிட்டது. வடிவத்துக்குச் சொந்தமாக ஒரு போதனை உண்டு. மதம் என்பது விடைகளின் தொகுதி. விடை முன்பே தயாராக இருக்கிறது. கேட்பது வாத்தியார், சொல்வது பிள்ளை. புத்தகத்தில் சிவன் இருந்தாலும் கர்த்தர் இருந்தாலும் புத்தர் இருந்தாலும் பிள்ளை கற்றுக்கொள்வது முதலில் இந்த மூன்றைத்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடம் இதைவிட மேலானது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் மனப்பாடம், அங்கும் பிரம்பு. கதவு சிலருக்கு மட்டுமே திறந்தது. ஆனால் அங்கே மதம் தனிப் பாடமாக இல்லை. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கடவுள் வாழ்த்தோடு தொடங்கின. பிறகு எழுத்துக்கும் எண்ணுக்கும் நடத்தைக்கும் போய்விட்டன. தெய்வம் செய்யுளின் ஓசையில் இருந்தது, பரீட்சையில் இல்லை. அதைத் தனியே பிரித்து எடுத்து 'சமயம்' என்ற பாடமாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு.

இந்த மனோபாவம் இலக்கியத்திலும் செய்த வேலையை நாம் அறிவோம். 1867இல் ராமலிங்கரின் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சேறின. அவை அருட்பா ஆகா என்று நாவலர் எதிர்த்தார். 1869இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டுவரை விவகாரம் போயிற்று. அருட்பா எது என்பதற்கு விடை ஏற்கெனவே முடிந்துபோனது; பட்டியலில் புதிதாக யாருக்கும் இடமில்லை. கண்ணெதிரே ஒரு கவிஞன் கேள்விகளோடு பாடிக்கொண்டிருந்தபோது, தமிழை அவ்வளவு நேசித்த ஒருவரால் அவனைக் கேட்க முடியாமல் போனது. சாதி ஆசாரத்திலும் அவர் தளரவே இல்லை. விடைகள் ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்ட வீட்டில் ஒன்றை மட்டும் உருவ முடியாது.

வேடிக்கை என்னவென்றால், சைவத்திடம் வேறொரு வினா வடிவம் இருந்தது. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான 'இருபா இருபஃது' வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிமாறி வரும் இருபது செய்யுள். அதில் கேட்கிறவர் அருணந்தி, மாணாக்கர். கேட்கப்படுகிறவர் மெய்கண்டார், குரு. உமாபதி சிவத்தின் 'வினாவெண்பா'விலும் மாணாக்கனே கேட்கிறான். விடையைத் தனியே எழுதிக் கீழே ஒட்டவில்லை.

அருணந்தி மாணாக்கரான விதம் பற்றிச் சைவ மரபு சொல்லும் கதை இன்னும் அழகானது. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் சிறுவர். அருணந்தியோ வயதில் மூத்தவர், சகல ஆகமங்களும் கற்ற பண்டிதர், அந்தக் குடும்பத்துக்கே குரு. அவர் வந்து, ஆணவத்தின் சொரூபம் எது என்று கேட்கிறார். சிறுவர் பதில் பேசவில்லை. அவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை பார்க்கிறார். பண்டிதர் காலில் விழுகிறார். ஒரு குழந்தைக்கு மதம் கற்பிக்க வந்த பெரியவரைப் பற்றி இதைவிடக் கூர்மையான கதை தமிழில் எனக்குத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டது இதை அல்ல.

இன்றைய நிலை என்ன? இலங்கையில் 1960–61இல் அரசு பள்ளிகளை எடுத்துக்கொண்ட பின்னும் சமயம் பாடமாகவே தொடர்கிறது. சமய பாட வேளையில் சைவப் பிள்ளை சைவமும், கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கமும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாமும், பௌத்தப் பிள்ளை பௌத்தமும் படிக்கிறார்கள். இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் மத போதனையைத் தடுக்கிறது. மத போதனை வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று கோத்தாரி கமிஷன் (1964–66) பிரித்துக் காட்டியது. 2002இல் உச்ச நீதிமன்றமும் இரண்டாவதற்குத் தடையில்லை என்று சொன்னது. நடைமுறையில் நம் பள்ளிகளுக்கு மௌனமே சௌகரியமாக இருக்கிறது. அங்கே பிரித்துவைத்த விடைகள், இங்கே மௌனம். இரண்டு இடத்திலும் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை எதைக் கும்பிடுகிறது, ஏன் கும்பிடுகிறது என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அந்த வெற்றிடத்தைத் தெருமுனை மேடை நிரப்புகிறது. மேடையில் விடைகளுக்குப் பஞ்சமில்லை.

மதத்தைப் பள்ளியிலிருந்து விலக்கிவிட்டால் குழந்தை சுதந்திரமாக இருக்கும் என்ற நம் முற்போக்குக் கணக்கு அதனால் தப்பாகிவிட்டது. பக்தியைப் பாடத்திட்டமாக்கினால் குழந்தை பண்படும் என்கிறவர்களின் கணக்கும் தப்பு. யாழ்ப்பாணத்தின் நூற்றெழுபது ஆண்டு அனுபவம் அதற்குச் சாட்சி. பள்ளியில் மதம் இருக்கலாம். வினாவின் உரிமை வாத்தியாரிடமிருந்து பிள்ளைக்கு மாறவேண்டும் என்பதே நிபந்தனை.

உதாரணத்துக்கு ஒன்று. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில், 1579ஆம் ஆண்டு நூலிலிருந்து ஒரு பக்கம், நாவலரின் வினாவிடையிலிருந்து ஒரு பக்கம், ஆல்காட்டின் நூலிலிருந்து தமிழில் ஒரு பக்கம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். எவை ஒன்றுபோல் இருக்கின்றன, யார் கேட்கிறார், யாருக்கு பயந்து இந்த விடை எழுதப்பட்டது என்று பிள்ளைகள் தேடட்டும். பிறகு மெய்கண்டாரின் கதையைச் சொல்லலாம். இதற்கு எந்த மதத்தையும் நிந்திக்க வேண்டியதில்லை. எதற்கும் வக்காலத்து வாங்கவும் வேண்டாம். தனக்கு விடை தெரியாத கேள்வி ஒன்று வகுப்பில் எழுந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆசிரியர் மட்டும் வேண்டும். அப்படிப்பட்டவர்களை நம் பயிற்சிப் பள்ளிகள் இன்னும் தயார் செய்யவில்லை. சட்டத்தைவிடப் பெரிய தடை அதுதான்.