கள்ளிச்செடியில் தொடங்கிய சட்டம்

அமெரிக்காவில் ஒருபாலினத் தம்பதிகளின் உரிமை, மதச் சுதந்திரம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் கேக் கடையில் போய் நிற்பார்கள். கதை அதற்கு ரொம்ப முன்னாடி, ஒரு கள்ளிச்செடியில் தொடங்குகிறது.

பெயோட்டி என்பது முள்ளில்லாத சின்னக் கள்ளி. தின்றால் மயக்கக் காட்சிகள் வரும். அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபையில் அது பிரசாதம் மாதிரி. ஆரகன் மாநிலத்தில் போதை மறுவாழ்வு ஆலோசகர்களாக இருந்த ஆல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் இருவருக்கும், வழிபாட்டில் அதை உட்கொண்டதால் வேலை போனது. வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும் கிடைக்கவில்லை. 1990-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. பக்தியுள்ள கத்தோலிக்கர், பழமைவாதி. எல்லோருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மதத்தைக் காட்டி விலக்குக் கேட்டால், ஒவ்வொருவரும் தனக்குத்தானே சட்டம் ஆகிவிடுவார் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருப்பதாக எனக்கே தோன்றுவதுதான் சங்கடம்.

இடதும் வலதும் சேர்ந்து கொதித்தன. 1993-இல் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் செனட்டில் 97க்கு 3 என்று நிறைவேறி, கிளின்டன் கையெழுத்திட்டார். ஒருவரின் மத நடைமுறையில் அரசு பெரிதாகக் குறுக்கிட வேண்டுமென்றால் தலையாய காரணம் இருக்க வேண்டும். குறுக்கீடும் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும். மாநிலங்களை இது கட்டுப்படுத்தாது என்று 1997-இல் நீதிமன்றம் சொன்னதும், பல மாநிலங்கள் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டன.

ஒரு தேவைக்கு எழுதிய கோடை வேறொருவர் வேறு எதற்கோ கூப்பிட்டால் என்ன ஆகும் என்று என் துறைக்காரர்களுக்குத் தெரியும். 2014 அக்டோபரில் இண்டியானாவில் ஒருபாலினத் திருமணம் சட்டபூர்வமானது. அடுத்த மார்ச்சில் ஆளுநர் மைக் பென்ஸ் அந்த மாநிலத்தின் நகலில் கையெழுத்திட்டார். அதில் நிறுவனங்களும் மத உரிமை கோரலாம். அரசு சம்பந்தப்படாத தனியார் வழக்கிலும் கோரலாம். 'ஒருபாலினம்' என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனால் யாருக்கும் புரியாமல் இல்லை. பாகுபாடு காட்டலாமா, கூடாதா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது பென்ஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நம்ம ஐடி ஆட்களுக்குப் பழக்கமான சேல்ஸ்ஃபோர்ஸ், ஊழியர்களை இண்டியானாவுக்கு அனுப்ப மாட்டோம் என்றது. ஒரே வாரத்தில் சட்டம் திருத்தப்பட்டது.

வெற்றிதான். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: பாலீர்ப்பை வைத்துச் சேவை மறுப்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் இண்டியானாவில் முதலிலேயே இல்லை. இண்டியானாபொலிஸ் போன்ற சில ஊர்களில் மட்டும் உள்ளூர் விதி இருந்தது. மற்ற ஊர்களில் மறுக்க நினைத்தவருக்கு மதச் சட்டத்தின் துணையே தேவைப்படவில்லை.

2015 ஜூனில் நாடு முழுவதும் திருமண உரிமை வந்தது. 2018-இல் கேக் கடைக்காரர் வென்றார். கொலராடோ ஆணையம் அவர் மதத்தின்மேல் விரோதம் காட்டியது என்ற குறுகிய காரணத்துக்காக. 2023-இல் வந்தது என் தொழில். அதே கொலராடோவில், ஒருபாலினத் திருமணத்துக்கு இணையதளம் வடிவமைக்க மாட்டேன் என்று ஒரு வடிவமைப்பாளர் முன்கூட்டியே வழக்குப் போட்டு 6க்கு 3 என்று வென்றார். மதச் சுதந்திரத்தில் அல்ல, பேச்சுரிமையில்.

கல்யாண இணையதளம் நானும் செய்திருக்கிறேன், அத்தை மகனுக்கு. தேதி, மண்டபத்துக்கு வழி, சாப்பாட்டு நேரம். அதில் என் பேச்சு எந்த வரியில் இருந்தது என்று இன்னும் தேடுகிறேன். 2012-இல் அந்தக் கேக் கடைக்குப் போன இருவரில் ஒருவர், தன் அம்மாவையும் கூட்டிப் போயிருந்தார்.