கிட் மென்பொருளில் கட்டளைத் தெரிவுகளும் மாற்றச் சீராய்வும்

கிட் என்பது நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்து காக்கும் திறந்த மூல மென்பொருள் ஆகும். இதனை 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். அதே ஆண்டு சூலை முதல் சூனியோ ஹமானோ இதன் பராமரிப்பாளராக உள்ளார்.

சீராய்வு முறை

கிட்டில் மாற்றம் செய்ய விரும்புபவர் அதனை மின்னஞ்சலில் அனுப்புகிறார். பிற நிரலாளர்கள் வரி வரியாகப் படித்துக் கேள்வி எழுப்புகின்றனர். கட்டளையுடன் சேர்த்துத் தட்டச்சு செய்யும் தெரிவு ஒன்று மாறினால் கையேடும் சோதனைகளும் உடன் மாற வேண்டும். நிரல் பிழையின்றி ஓடுவது மட்டும் போதாது. அத்தெரிவை நம்பிப் பிறர் எழுதி வைத்த கட்டளைக் கோப்புகள் பழுதாகுமா என்பதும் பார்க்கப்படுகிறது.

2008-ஆம் ஆண்டுப் பாடம்

தொடக்கத்தில் 'கிட்-கமிட்' என இடைக்கோடிட்டும், 'கிட் கமிட்' என இடம் விட்டும் கட்டளை இடலாம். 2008 ஆகத்தில் வெளியான 1.6.0 பதிப்பில் இடைக்கோட்டுக் கட்டளைகள் வழக்கமான தேடல் பாதையிலிருந்து நீக்கப்பட்டன. முன்னறிவிப்பு தரப்பட்டிருந்தும் பயனர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வெளியீட்டுக் குறிப்பை எல்லோரும் படிப்பதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

'புஷ்' கட்டளையின் மாற்றம்

அக்காலத்தில் 'கிட் புஷ்' என்று மட்டும் கட்டளையிட்டால், இரு பக்கமும் ஒரே பெயருள்ள கிளைகள் அனைத்தும் அனுப்பப்பட்டன. முற்றுப்பெறாத வேலையும் சேர்ந்து போய்விடும். 'ஃபோர்ஸ்' தெரிவுடன் இட்டால் சக நிரலாளரின் வேலை அழியவும் கூடும். ஆயினும் பழைய பயனர்கள் இவ்வழக்கத்தை நம்பியிருந்தனர்.

எனவே மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. 2009-இல் பயனரே விரும்பிய முறையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு வந்தது. 2012-இல் நடப்புக் கிளையை மட்டும் அனுப்பும் 'சிம்பிள்' முறை சேர்க்கப்பட்டது. அவ்வாண்டே, முறையைத் தேர்ந்தெடுக்காதவருக்குக் கட்டளை இடும்போதே திரையில் எச்சரிக்கை காட்டப்பட்டது. 2014 மே 28-இல் வெளியான 2.0 பதிப்பில்தான் 'சிம்பிள்' இயல்பான முறையாயிற்று. பழைய முறையை விரும்புவோர் அதனை அமைத்துக்கொள்ளவும் வழி விடப்பட்டது.

முக்கியத்துவம்

இம்மாற்றம் நிரலில் சிறியது. நடைமுறைக்கு வர ஆண்டுகள் பிடித்தன. புதியவரை இழப்பிலிருந்து காப்பதும் பழையவரின் வேலை தடைபடாமல் பார்ப்பதும் சீராய்வாளரின் இரட்டைக் கடமை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.