சராசரி மழை என்னும் அளவுகோல்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. 1864-இல் கல்கத்தாவைச் சிதைத்த புயலும், 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்தமையும் அதற்குக் காரணங்களாயின. அடுத்த ஆண்டே தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் சூழ்ந்தது. ஆகவே, அத்துறையின்முன் காலனிய அரசு வைத்த முதன்மைக் கேள்வி, 'இவ்வாண்டு மழை போதுமா?' என்பதே.

அத்துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்று 1884-இல் எழுதினார். 1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், தொலைதூரக் கடல்களின் காற்றழுத்த வேறுபாடுகளைப் பருவமழையோடு பொருத்திக் கணக்கிட்டார். இருவர் முறைக்கும் சொல்லப்படாத அடிப்படை ஒன்றுண்டு: நேற்றைய தொடர்பு நாளையும் நீடிக்கும் என்பது. ஆனால் 1997-இல் எல் நினோ மிகக் கடுமையாக இருந்தும், நாட்டின் பருவமழை சராசரியினின்று குறையவில்லை.

வெப்பமடைதல் இவ்வடிப்படையை மேலும் அசைக்கிறது. ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால், காற்றில் தங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். எனவே பெய்யும்போது கனத்துப் பெய்ய வாய்ப்பு மிகுகிறது. இடைப்பட்ட வறண்ட நாள்களிலோ மண்ணின் ஈரம் முன்னைவிட விரைந்து ஆவியாகிறது. 1951 முதல் 2000 வரையிலான மழைப் பதிவுகளை ஆராய்ந்து பி. என். கோஸ்வாமி குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. மத்திய இந்தியாவில் பெருமழை நிகழ்வுகள் கூடின; மிதமான மழை நிகழ்வுகள் குறைந்தன; பருவகாலச் சராசரியோ குறிப்பிடத்தக்க மாற்றம் காட்டவில்லை.

வரலாற்று நோக்கில் இது முக்கியமானது. பஞ்சத்தின் அச்சத்தில் பிறந்த அளவுகோல், பருவத்தின் மொத்த மழையையே முதன்மையாக நோக்கியது. இன்றும் நீண்டகாலச் சராசரியான ஏறத்தாழ 87 சென்டிமீட்டரில் 96 முதல் 104 விழுக்காடு வரை பெய்தால், அது 'இயல்பான' பருவமழை எனப்படுகிறது. அந்த மொத்தம் நூறு நாள்களில் பரவிப் பெய்ததா, சில நாள்களில் கொட்டித் தீர்த்ததா என்பதை அச்சொல் உணர்த்துவதில்லை. பரவலாகப் பெய்யும் மழை மண்ணுள் இறங்கி நிலத்தடி நீராகிறது. கொட்டும் மழையில் பெரும்பகுதி வழிந்தோடி, வெள்ளமாகி, கடலைச் சேர்கிறது. கிணறு வற்றிய உழவருக்கு அவ்வாண்டு இயல்பான ஆண்டன்று.

மொத்த மழை போதுமா என்ற பழைய கேள்வி பிழையன்று. எப்போது, எவ்வளவு நேரத்தில், எந்நிலத்தில் என்ற கேள்விகளும் அதனுடன் சேராவிடில், அதற்குக் கிடைக்கும் விடை நீர்ச்சுழற்சியின் மாற்றத்தை மறைத்துவிடும்.