வராகன் காசும் என் மல்லாட்டைக் கொல்லையும்

ஆடியில விதைச்ச மல்லாட்டை இப்போ காய் பிடிக்கிற நேரம். (உங்க ஊர்ல வேர்க்கடலைன்னு சொல்வீங்க.) முந்தாநேத்து ராத்திரி அமிர்தி காட்டுப் பக்கம் இருந்து காட்டுப்பன்னிக் கூட்டம் இறங்கி, கால் ஏக்கரை உழுது போட்டுட்டுப் போயிடுச்சு. விதை, உரம், களையெடுப்புக் கூலி எல்லாம் அதோட போச்சு. விடிஞ்சதும் வரப்புல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன். கோவத்துக்கு நடுவுல ஒரு சிரிப்பும் வந்துச்சு. இந்த மிருகத்தைத்தானே ஒரு சாம்ராஜ்யமே முத்திரையா வச்சிருந்தது!

1336-ல ஆரம்பிச்ச விஜயநகர அரசோட சின்னம் பன்றி. கூடவே ஒரு கத்தி, மேல சூரியன், சந்திரன். அவங்களுக்கு முன்னாடி வாதாபிச் சாளுக்கியருக்கும் பன்றிதான். பூமியைக் கொம்பால தூக்கின வராக அவதாரம்னு அதுக்கு அர்த்தம். தங்கக் காசுக்கே வராகன்னு பேர் வந்துடுச்சு. ராஜாங்கம் போனபிறகும் அந்தப் பேர் போகல. வெள்ளைக்காரன் 1818-ல ரூபாயைக் கொண்டுவர்ற வரைக்கும் சென்னை ராஜதானியில வராகன் கணக்குதான். எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா வர்ற வேலூர்க் கோட்டையும் விஜயநகர காலத்துல கட்டினதுதான்.

நம்ம மூவேந்தர் சின்னம் எல்லாருக்கும் தெரியும்: சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில். ஆனா திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையைப் பார்த்தாதான் அதுல இருக்கிற அரசியல் புரியும். 1905-ல கிடைச்சது, ராஜேந்திர சோழன் காலத்தது, மொத்தம் 31 ஏடு. அதைக் கோத்த வளையத்து முத்திரையில புலி உட்கார்ந்திருக்கு. அதோட ரெண்டு மீனும் வில்லும் இருக்கு. அதாவது, உங்க ரெண்டு பேர் சின்னமும் இப்போ என் முத்திரைக்குள்ளன்னு சோழன் சொல்றான். பத்திரத்துல மாமனார் சொத்தையும் சேர்த்து எழுதிக்கிற மாதிரி!

மிருகத்தை விட எனக்குப் பிடிச்சது அவங்க அடையாளப் பூதான். சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு, சேரனுக்குப் பனம்பூ. ரோஜாவோ தாமரையோ இல்ல பாருங்க. மூணுமே தண்ணி ஊத்தாம தானா வளர்ற மரம். ஆத்தி இலை மாட்டுக் குளம்பு மாதிரி நடுவுல பிளந்திருக்கும், பூ சின்னது. இன்னைக்கு ஆத்தியைக் காட்டுன்னா எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கே தெரியாது. பனை மாநில மரம்னு பேர், ஆனா செங்கல் சூளைக்குப் போன பனையை நானே எண்ணியிருக்கேன்.

எங்க பக்கம் தொண்டை மண்டலம். தொண்டைன்னா கோவைக்கொடி. அந்தக் கொடியைச் சூடினதால தொண்டைமான்னு பழைய கதை. என் வேலியில படர்ந்து கிடக்கிற அதே கொடிதான், சிவப்புப் பழத்துக்குக் கிளி வரும். இந்தச் சீமையை ஆண்ட பல்லவருக்கு முத்திரை காளை. அதுல விவசாயிக்கு ஆட்சேபணை இல்ல.

இங்கிலாந்துக்காரன் சின்னத்துல மூணு சிங்கம். அவன் காட்டுல சிங்கம் ஏது? ஸ்காட்லாந்துக்காரன் பரவால்ல, தன் மண்ணுல முளைக்கிற முள்ளுச்செடியை வச்சுக்கிட்டான். நம்ம ராஜாக்களும் கண்ணால பார்த்ததைத்தான் வச்சாங்க. பன்றி உட்பட.

மீதி முக்கால் ஏக்கர் நிக்குது. வேலியைச் சுத்திப் பழைய புடவை கட்டியாச்சு, தட்டுறதுக்கு ஒரு தகர டின்னும் எடுத்து வச்சிருக்கேன். ராத்திரி காவலுக்கு நானும் தம்பியும் முறை போட்டிருக்கோம். இன்னைக்கு என் முறை.