கிருமியை ஞாபகம் வைத்திருக்கும் 'கில்லர்' செல்கள்... பிசிஜி தழும்பை நம்பலாமா?

சிலமலையில் இருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் தொழிலாளியோ, சென்னையில் ஐ.டி. வேலை பார்ப்பவரோ, பலருக்கும் இடது தோளில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். குழந்தையில் போட்ட பிசிஜி ஊசி. "அதான் ஊசி போட்டாச்சே, டிபி வராது" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது?

யார் இந்த கில்லர்?

ரத்தத்தில் உள்ள லிம்போசைட் வெள்ளை அணுக்களில் சுமார் 5 முதல் 15 சதவீதம், நேச்சுரல் கில்லர் செல்கள். சுருக்கமாக என்.கே. செல்கள். 1975-ல் அடையாளம் காணப்பட்டவை. நம் செல்களில் பெரும்பாலானவை ஆதார் கார்டு மாதிரி ஒரு புரதத்தை மேலே மாட்டியிருக்கும். சில வைரஸ்களும் புற்றுநோயும் மற்ற காவலர்களிடம் இருந்து தப்பிக்க அந்தக் கார்டை மறைத்துவிடும். கார்டு இல்லாத செல்லைத்தான் என்.கே. செல் குறிவைக்கும். முன்பயிற்சியே தேவையில்லை, பார்த்தவுடன் அடி!

அதனால்தான் இவற்றுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று நீண்டகாலம் பாடம் நடத்தினார்கள். டி செல், பி செல் இரண்டுக்கு மட்டும்தான் அந்தப் பெருமை.

2006-ல் அந்தப் பாடம் ஆட்டம் கண்டது. டி, பி செல்களே இல்லாத எலிகளின் தோலில் ஒரு ரசாயனத்தைத் தடவி, சில வாரம் கழித்து மீண்டும் தடவினார்கள். இரண்டாவது முறை எதிர்வினை பலமாக இருந்தது. ஞாபகம் வைத்திருந்தவை என்.கே. செல்கள். 2009-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் சன், லூயிஸ் லேனியர் குழு, வைரஸ் தொற்றிலும் இதை எலிகளில் காட்டியது.

மனிதர்களில்?

சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய பலரிடம் ஒரு தனி வகை என்.கே. செல் பெருகி, ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. இந்தியாவில் பெரியவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாமலேயே தொற்றியிருக்கும் வைரஸ் இது.

பிசிஜிக்கு வருவோம். 2014-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களின் என்.கே. செல்கள் 3 மாதம் கழித்தும் சுறுசுறுப்பாக இருந்தன. அதுவும் காசநோய்க் கிருமிக்கு மட்டுமல்ல, சம்பந்தமே இல்லாத பூஞ்சை, பாக்டீரியாவுக்கும்! குறிப்பிட்ட எதிரியின் முகத்தை நினைவில் வைப்பதாக இல்லாமல், எப்போதும் உஷாராக இருக்கும் பழக்கமாகத்தான் இது தெரிகிறது. 'ஞாபகம்' என்ற சொல் கொஞ்சம் தாராளம்தான்.

செங்கல்பட்டு சொன்னது

இங்கேதான் நம் ஊர்க் கதை முக்கியம். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி ஆய்வில் லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டனர். 15 ஆண்டுகள் கண்காணித்தும், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகை காசநோயில் இருந்து அது காக்கிறது. அதனால் பிறந்த குழந்தைக்குக் கட்டாயம் போடணும்.

ஆனால் தோளில் தழும்பு இருக்கிறதே என்று இருமலை அலட்சியப்படுத்தக் கூடாது. 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். டிபி உறுதியானால் மருந்தும் இலவசம். சத்தான உணவுக்கு, 2024 நவம்பரில் இருந்து சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும்.