கேட்னிப்: ஈக்ரெஸ் டு ஒப்லிவியன்?

‘கேட்னிப்: ஈக்ரெஸ் டு ஒப்லிவியன்?’ அமெரிக்க இயக்குநர் ஜேசன் வில்லிஸ் எடுத்த நையாண்டிக் குறும்படம். 1960, 70களில் அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்களுக்குப் போட்டுக்காட்டிய போதை எதிர்ப்புக் கல்விப்படங்களை உரித்து வைத்தாற்போல் இருக்கும். ஒரே வித்தியாசம், இதில் கேட்னிப் என்ற செடியால் கெட்டுப்போகிறவை பூனைகள். 2013 சண்டான்ஸ் திரைப்பட விழாவில் குறும்படங்களுக்கான பார்வையாளர் விருதைப் பெற்றது.

மூலப் படங்கள்

இந்த நையாண்டிக்குப் பின்னால் ஒரு நீண்ட பரம்பரை இருக்கிறது. கஞ்சா புகைத்தால் கொலையும் பைத்தியமும்தான் முடிவு என்று பெற்றோரை எச்சரிக்க 1936இல் எடுக்கப்பட்டது ‘ரீஃபர் மேட்னஸ்’. 1970களின் தொடக்கத்தில், கஞ்சாத் தடையை எதிர்த்த வழக்கறிஞர் கீத் ஸ்ட்ரூப் அதன் பிரதியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 297 டாலருக்கு வாங்கிக் கல்லூரிகளில் திரையிட்டார். பயமுறுத்த எடுத்த படத்தைப் பார்த்து மாணவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வகுப்பறைப் படங்களில் பேர்போனவர் சிட் டேவிஸ். நடிகர் ஜான் வெய்னுக்கு மாற்றாளாக நின்றவர். வெய்ன் கொடுத்த 1,000 டாலர் கடனில் தன் முதல் எச்சரிக்கைப் படத்தை எடுத்தார். மாத்திரையில் தொடங்குபவர் கஞ்சாவுக்குப் போவார், கஞ்சாவிலிருந்து ஹெராயினுக்குப் போவார், நடுவில் இறங்க வழியே கிடையாது என்பது இவ்வகைப் படங்களின் மாறாத கதைப்போக்கு.

விமான நிறுவனமான லாக்ஹீட் 1969இல் தயாரித்த ‘கேஸ் ஸ்டடி: எல்எஸ்டி’ இன்னும் ஒரு படி மேலே போனது. போதையில் இருக்கும் இளம்பெண் ஹாட்டாக் வாங்குகிறாள். அதற்கு முகம் முளைக்கிறது. தனக்கு வீட்டில் மனைவியும் ஏழு பிள்ளைகளும் இருப்பதாகச் சொல்லி அது அவளிடம் கெஞ்சுகிறது. இத்தனையையும் படம் துளிச் சிரிப்பும் இல்லாமல், மருத்துவ அறிக்கை வாசிக்கும் தொனியில் சொல்கிறது.

படத்தின் நடை

வில்லிஸ் பிடித்துக்கொண்டது அந்தத் தொனியைத்தான். சுமார் 7 நிமிடம் ஓடும் படம் பழைய 16 மி.மீ. பிலிம் போலச் சாயம் வெளுத்துக் கீறல் விழுந்து தெரிகிறது. ஊருக்கே தகப்பன் போன்ற குரல் ஒன்று நிதானமாக விளக்குகிறது. இன்றைய பூனைகளிடையே கேட்னிப் மோகம் பரவிவிட்டது, அதைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தெரியும் என்று கவலைப்படுகிறது. தலைப்பின் கடைசியில் நிற்கும் கேள்விக்குறியும் அக்காலப் படங்களின் பாணிதான்: தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்பது.

பூனைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் செடியை முகர்ந்த எந்தப் பூனையும் பிரசாரப் படத்துக்கு வேண்டிய அத்தனை அறிகுறிகளையும் தானாகவே காட்டிவிடும்.

செடியும் பூனையும்

கேட்னிப் புதினாக் குடும்பத்துச் செடி; தாவரவியல் பெயர் நெபெட்டா கட்டாரியா. அதிலுள்ள நெபெட்டாலாக்டோன் என்ற வேதிப்பொருள் மூக்கு வழியாக வேலை செய்கிறது. பூனை முதலில் முகரும், நக்கும், மெல்லும். பிறகு கன்னத்தையும் தலையையும் இலையில் தேய்த்து, எச்சில் வடியத் தரையில் புரளும். இந்த ஆட்டம் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்கு அதே செடியை முகத்தருகே நீட்டினாலும் சட்டை செய்யாது.

எல்லாப் பூனைகளும் மயங்குவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பூனைகளுக்கே இந்தக் குணம் உண்டு. அது பரம்பரையாக வருவது. சில மாதமே ஆன குட்டிகள் கண்டுகொள்வதில்லை. சிங்கமும் சிறுத்தையும் வீட்டுப்பூனை போலவே புரள்கின்றன. தமிழ்நாட்டில் தெருவோரம் முளைக்கும் குப்பைமேனியின் வேரும் பூனைகளை இப்படி இழுக்கும். அதற்குப் பூனைவணங்கி என்ற பெயரும் வழங்குகிறது.

படத்தின் கேலிக்குள் உண்மையும் கொஞ்சம் இருப்பதாக 2021இல் தெரியவந்தது. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவோ மியாசாகி குழுவினர் கேட்னிப்பையும் அதே விளைவைத் தரும் மட்டாடாபி கொடியையும் ஆராய்ந்தனர். மட்டாடாபியிலுள்ள பொருளை முகர்ந்த பூனைகளின் இரத்தத்தில் பீட்டா எண்டார்ஃபின் கூடியிருந்தது. ஹெராயின் அளவு மீறியவர்களை மீட்கப் போடும் நாலாக்சோன் மருந்தைக் கொடுத்ததும் புரள்வது குறைந்தது. அதாவது, ஓபியம் வகைப் போதைகள் தொடும் அதே நரம்புப் பாதை. ஆனால் இங்கே சுரப்பது உடல் தானே உண்டாக்கும் பொருள். பூனை இதற்கு அடிமையாவதாகச் சான்று இல்லை. இலாபமும் உண்டு: செடியில் தேய்த்துக்கொண்ட முகத்தைக் கொசு அண்டுவது குறைகிறது.

விருதும் பின்னணியும்

சண்டான்ஸ் விருதை நடுவர்கள் தீர்மானிக்கவில்லை. யூடியூப் வழியாக வெளியிடப்பட்ட விழாக் குறும்படங்களில், இணையத்தில் கிடைத்த பார்வைகளின் அடிப்படையில் அது தரப்பட்டது. வில்லிஸ் கேலி செய்த வகைப் படங்களும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. ரிக் பிரெலிங்கர் 1983 முதல் திரட்டிய கல்வி, விளம்பரப் படங்களின் தொகுப்பைக் காங்கிரஸ் நூலகம் 2002இல் வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கானவற்றை இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்குள்ள போதை எதிர்ப்புப் படம் ஒன்றையும் ‘கேட்னிப்’பையும் அடுத்தடுத்து ஓட்டி, திரையைப் பார்க்காமல் குரலின் தொனியை மட்டும் கவனித்தால் எது நையாண்டி என்று பிரித்துச் சொல்வது சிரமம்.