மலையகத் தோட்டப் பள்ளிகளில் உணர்வு நெறிப்படுத்தல்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் வட்டாரத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் தம் கோபத்தையும் பயத்தையும் ஏமாற்றத்தையும் இனங்கண்டு, தமக்கும் பிறருக்கும் ஊறின்றிக் கையாளப் பழக்கும் பணி இது.

இப்பழக்கம் பள்ளிக்கு முன்பே, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் தொடங்குகிறது. தாய் கொழுந்தெடுக்கப் போனபின் அழும் குழந்தையைத் தூக்கித் தேற்றுபவர் அங்குள்ள ஆயம்மாதான். நிதானமான பெரியவர் ஒருவர் பலமுறை தேற்றிய பிறகே பிள்ளை தானாக அமைதியடையக் கற்கிறது.

அடுத்த கட்டம் பள்ளி. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்று தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்தியது. ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் மேய்த்த அப்பள்ளிகளை 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடைசெய்தது. பிரம்பைக் கீழே வைக்கச் சொன்னால் மட்டும் போதாது. மாற்று வழியையும் ஆசிரியருக்குப் பழக்க வேண்டும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற பயிற்சி நிலையங்களின் பொறுப்பு இதில் பெரிது.

முரட்டுத்தனத்தைப் பிள்ளையின் குணமென்று முத்திரை குத்துவது தவறு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பழைய லயத்துக் காம்பரா ஒன்று ஏறத்தாழ 10-க்கு 12 அடி. சமையல், உறக்கம், வீட்டுப்பாடம், பெரியவர்களின் சண்டை எல்லாம் அதற்குள்தான். தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருந்தால் பிள்ளை பாட்டியின் பொறுப்பு. தன்னடக்கத்திலும் சூழலின் பங்கு உண்டு. அமெரிக்காவில் உளவியலாளர் வால்டர் மிஷேல் நடத்திய புகழ்பெற்ற மிட்டாய்ச் சோதனை, சிறுவயதில் ஆசையை அடக்கிய பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்ததாகக் கூறியது. 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்ட 2018ஆம் ஆண்டு மறு ஆய்வில், குடும்பப் பின்னணியைக் கணக்கிலெடுத்ததும் அத்தொடர்பு வெகுவாகக் குறைந்தது.

வகுப்பறையில் செய்யவேண்டியது எளியது, ஆனால் நேரம் பிடிப்பது. தரம் 2 மாணவன் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைக் கிழித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை குனிந்து, தாழ்ந்த குரலில் முதலில் கேட்கவேண்டியது, "காலையில சாப்பிட்டியாப்பா?" என்பதே. பசியும் தூக்கமின்மையும் கோபமாக வெளிப்படுவது வழக்கம். அவன் மூச்சு சீரானபின், "கோவம் வந்துச்சா? எதனால?" என்று கேட்டு அவ்வுணர்வைப் பெயர்சொல்லப் பழக்கலாம். கொப்பியை ஒட்டிக்கொடுக்கும் வேலை கடைசியில் அவனுக்கே உரியது.

சத்தம் போடும் பிள்ளை கவனத்துக்கு வந்துவிடும். மூலையில் ஒடுங்கி, கூப்பிட்டால் திடுக்கிடும் பிள்ளையை 'நல்ல பிள்ளை' என்று விட்டுவிடுவதே ஆபத்து. துன்புறுத்தல் சந்தேகம் எழுந்தால், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.